மகாராணி முடிசூடிய நாள்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முழுதாக நம்பியதில்லை. இதில் முதலிடம் அம்மாவின் அண்ணனான பெரிய மாமாவுக்கு. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், சலவைக்காரன் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்குப் போகிறான், கோயில் மணி வேண்டுமென்றே பிந்தி அடிக்கிறது என்று அவருக்கு ஒரு நாளைக்கு நாலு சந்தேகமாவது வரும். கண்டியில் அவர் வீட்டில்தான் அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, நான் எல்லோரும் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. சந்தேகப்படுவதில் மாமாவுக்கு அடுத்த ஆள் நான்தான்.

அந்த வருஷம் சின்னம்மாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலை ஃபக்டரியில் டீமேக்கர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சின்னம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். சின்னம்மா கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஒரு பரீட்சையும் எழுதியிருந்தாள். கலியாணப் பேச்சு வந்ததும் பரீட்சைப் பேச்சு நின்றுவிட்டது.

மாமாவுக்கு நாள் பார்க்காமல் ஒரு காரியத்தில் இறங்க மனம் வராது. ஆனால் நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். சாத்திரியிடம் போனால் சுவாமியார் பூசையில் வைத்தே மானத்தை வாங்கிவிடுவார். மாமா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, அவர் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் வாங்கியிருந்தார். வருஷத்தின் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு பக்கம். உலகத்தில் அந்தத் திகதியில் என்னென்ன நடந்தது என்று அதில் போட்டிருக்கும். சாத்திரம் பார்ப்பதுதானே பாவம், சரித்திரம் பார்த்தால் யார் என்ன சொல்ல முடியும்? வாங்கிய கையோடு மாமாவின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டதால், வாசித்துக் காட்டுவது சின்னம்மாவின் வேலையாயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஏப்ரல் பதினெட்டு என்றார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு பட்டணமே பூமியதிர்ச்சியில் இடிந்து எரிந்ததாகச் சின்னம்மா வாசித்தாள். மாமா வேண்டாம் என்றார். அடுத்து மே எட்டு. அன்றைக்கு ஏதோ ஒரு தீவில் எரிமலை வெடித்து ஊரே சாம்பலாகியிருந்தது.

"மாப்பிள்ளையும் மலையிலதானே இருக்கார்" என்று மாமா கவலையோடு சொன்னார். அதுவும் தள்ளிப்போனது.

எனக்கு மூக்கில் வியர்த்தது அப்போதுதான். மற்ற நாட்களில் ஒரு பக்கம் வாசிக்கக் கால் மணி நேரம் எடுக்கும் சின்னம்மா, கலியாணத் திகதி என்றால் இரண்டே வரியில் புத்தகத்தை மூடினாள். போதாததற்குத் தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்குப் படலையடியில் நின்றாள். அவன் வெறுங்கையை விரித்தால் முகம் தொங்கிப்போகும். ஏதோ கள்ளத்தனம் நடக்கிறது, கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்றாவதாக வந்தது ஜூன் இருபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து மாமா கதிரையில் சாய்ந்தார். நான் சின்னம்மாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஒரு இளவரசரையும் அவர் சம்சாரத்தையும் ஒண்ணாச் சுட்டுக் கொன்னுருக்காங்க அண்ணே. அதுலதான் பெரிய யுத்தமே வந்துச்சாம்" என்றாள் சின்னம்மா.

"புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரையுமா!" மாமா சிலுவை போட்டுக்கொண்டார். "வேணாம், வேணாம்."

அவள் மூடப்போன புத்தகத்துக்குள் கையை விட்டேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் ஒரு பெயர் நன்றாகத் தெரியும். எங்கள் விறாந்தைச் சுவரில், ஆள் செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் மாமா கழற்றாத படத்தின் கீழே இருந்த பெயர் அது.

"மாமா, விக்டோரியா மகாராணின்னு போட்டிருக்கு! சின்னம்மா அதை வாசிக்கவே இல்ல!"

மாமா எழுந்தே நின்றுவிட்டார். வாசிக்கச் சொன்னார். சின்னம்மா வாசித்தாள். மகாராணிக்கு முடிசூட்டிய நாள் அதுதான்.

"ஏன்டி, இதை விட்டுட்டியே?"

"கவனிக்கலண்ணே" என்றாள். அவள் விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. நான் மாமாவின் செல்லம் ஆனேன்.

மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள், யாரும் தடை சொல்லவில்லை. கலியாணத்தன்று காலை எனக்குத் தலை பின்னிவிட்டவள் சின்னம்மாதான். "உனக்கு இங்கிலீஷ் நல்லா வருது" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் மலைக்குப் போன பதினைந்தாம் நாள் அவள் பெயருக்கு இங்கிலீஷில் ஒரு நீளமான கடிதம் வந்தது. இப்போது வாசித்துக் காட்டும் உத்தியோகம் எனக்கு. மாமா உடைக்கச் சொன்னார். தடுக்கிய இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லி, மாமா அதைக் கேட்டுத் திருத்தத் திருத்த வாசித்தேன். பரீட்சையில் தேறியதால் கொழும்பில் ஆசிரியப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டிருக்கிறார் என்ற வரியையும், கலியாணமாகாதவராக இருக்கவேண்டும் என்ற வரியையும், கீழே இருந்த கையெழுத்தையும்கூட. சின்னம்மாவைப் போல ஒரு வரியைக்கூட நான் விடவில்லை.

மாமா கையை நீட்டிக் கடிதத்தைத் தடவிப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். யாராவது கெட்டிக்காரி என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லாததால், நான் வாசித்தது இவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கடிதத்தை நிமிர்த்திப் பிடித்து, இன்னும் கொஞ்சம் உரக்க, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தேன்.