வீட்டு மணி, கோயில் மணி

எங்கள் வீட்டுக் கடிகாரங்கள் பத்து நிமிடம் முந்தியே ஓடும். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்த அப்பா, ஒருநாள் ஷிப்டு பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்த கோபத்தில் முள்ளைத் திருகி வைத்தது. அப்பா போய் ஆறு வருஷமாகிறது, அந்தப் பத்து நிமிடம் மட்டும் போகவில்லை. புது ஃபோன் வாங்கினால்கூட, நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கூட்டி வைப்பதுதான் என் முதல் வேலை. வீட்டு மணி, கோயில் மணி என்று இரண்டாகப் பிரித்தே பேசுவோம். மாதா கோயிலில் அடிப்பது ஊருக்கு, சுவரில் ஓடுவது எங்களுக்கு.

நான் ஒரு கப்பல் ஏஜென்சிக்கு வீட்டிலிருந்தே கண்டெய்னர் பட்டியல் ஏற்றுகிறேன். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்து வந்தால் துவண்டு கிடப்பாள், எழுந்து தண்ணீர் குடிக்கவும் ஆள் வேண்டும். அதைச் சொல்லித்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். மேனேஜர் அதை அரை மனதாகத்தான் கொடுத்தார். சென்னை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைய விபிஎன் என்ற வழி ஒன்று உண்டு. அது திறந்தால் எனக்கு வேலை உண்டு, திறக்காவிட்டால் இல்லை.

இது நடந்த நாளுக்கு முன்புவரை நுழைவு எண் குறுஞ்செய்தியில் வரும். அன்றைக்குத்தான் முறையை மாற்றினார்கள். இனி ஃபோனில் இருக்கும் ஒரு செயலி அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஆறு இலக்க எண் காட்டும், அதைத்தான் அடிக்க வேண்டும். ஐந்து தடவை தப்பானால் கணக்கு பூட்டிக்கொள்ளும், திறக்க நேரில் வர வேண்டும் என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

முதல் தடவை நிராகரித்தது. கை தவறியிருக்கும் என்று நிதானமாக மறுபடி அடித்தேன். மறுபடியும் நிராகரித்தது. என் டெஸ்க்டாப் கிழடு. விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியதால் சித்தி மகன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அவன் எழுதித் தந்த கட்டளைகளை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன். இணைப்பை அழித்துவிட்டு, அலுவலகம் அனுப்பிய கோப்பிலிருந்து புதிதாக உருவாக்கினேன். கடவுச்சொல்லை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அடித்தேன். வீட்டு இணையத்தை விட்டு ஃபோனின் இணையத்தில் இணைத்தும் பார்த்தேன். மூன்றாவதும் போனது.

சென்னைக்குப் பேசினேன். இரண்டு கையும் விசைப்பலகையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லோருக்கும் வருகிறது, உங்கள் லினக்ஸில்தான் ஏதோ கோளாறு என்றான் ஐடி பையன். பிறகு மேனேஜர் வாங்கிப் பேசினார். மூன்று மணிக்குள் பட்டியல் ஏறாவிட்டால் திங்கட்கிழமை முதல் சென்னையில் வந்து உட்காருங்கள் என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் போடுகிறவர்கள் மாலைக்குள் மறந்துவிடுவார்கள்.

அம்மா அதே அறையில், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலையில் டயாலிசிஸ் முடிந்து வந்தவள். நல்லவேளை தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த பதிவுகளைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். அந்த நொடி விழுந்த கடைசி வரியில் நேரம் இரண்டு முப்பத்தாறு என்றிருந்தது. ஃபோனைப் பார்த்தேன், இரண்டு நாற்பத்தாறு. சுவரிலும் அதேதான். அகப்பட்டது கோளாறு என்று குதித்தேன். இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது! தானாக நேரம் எடுப்பதை நிறுத்தி, அதையும் பத்து நிமிடம் தள்ளி வைத்தேன். வீடு முழுக்க ஒரே நேரமானதும் மனசு கொஞ்சம் அடங்கியது. நான்காவது தடவை அடித்தேன்.

நிராகரித்தது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அம்மாவை யாரிடம் விடுவது என்று ஒவ்வொரு முகமாக யோசித்தேன். ஒரு முகமும் தேறவில்லை.

"ஏளா, மணி என்ன?" கட்டிலிலிருந்து அம்மாவின் குரல். திரும்பாமலே கேட்டாள்.

"ரெண்டு அம்பத்திரெண்டும்மா. மாத்திரைக்கா?"

"வீட்டு மணியா, கோயில் மணியா?"

"வீட்டு மணிதான்" என்று சொல்லி முடிக்கும்முன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செயலி ஃபோன் காட்டும் நேரத்தை வைத்துத்தானே எண்ணைச் செய்கிறது? நான் அடித்ததெல்லாம் இன்னும் பத்து நிமிடம் கழித்துச் செல்லுபடியாக வேண்டிய எண்கள். வீட்டிலேயே சரியான நேரம் காட்டிய ஒரே பொருளையும் நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

ஃபோனையும் கம்ப்யூட்டரையும் ஊர் நேரத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாற்பத்துமூன்று. புது எண் தோன்றும்வரை காத்திருந்து அடித்தேன். கடைசி விசையை அழுத்த விரல் வரவில்லை. தப்பானால் எல்லாம் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது இணைந்திருந்தது. மூன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் பட்டியல் ஏறியது. மேனேஜர் "ஓகே" என்று ஒரு சொல் அனுப்பினார்.

அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்போதுதான் நினைவு வந்தது, மூன்று மணிக்கு அவளுக்கு மாத்திரை எதுவும் கிடையாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். தலையணை நனைந்திருந்தது. தூங்கவே இல்லையா என்று கேட்டேன்.

"எங்கன தூங்க? மூணு மணிக்குள்ளன்னு அவர் சொன்னதுலேருந்து சொவத்தையே பார்த்துட்டு கெடந்தேன்" என்றாள். "வீட்டு மணின்னா இன்னும் பத்து நிமிசம் நீ என்கூட இருப்பேல்லா. அதுக்குத்தான் கேட்டேன்."