ஒரு நம்பர், இரண்டு ஆள்

ஹார்பரில் எங்கள் வேலை லாஷிங். கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் ஆடாமல் இருக்க இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது. கான்ட்ராக்ட் ஆபீசில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. வேலையில் சேர்ந்த காலத்தை வைத்துக் கொடுத்தது. கப்பல் வந்தால் அந்த வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். கப்பல் குறைந்த மாதத்தில் பின்னால் இருப்பவனுக்கு வேலை கிடையாது. அந்த நம்பர்தான் எங்கள் சோறு.

என் பெயரிலேயே இன்னொருவன் அங்கே இருக்கிறான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவனுக்காவது கோயில் புனிதரின் பெயரை வைத்துவிடுவார்கள். என் அப்பாவுக்கும் அவன் அப்பாவுக்கும்கூட ஒரே பெயர். பள்ளியில் சேர்த்த அன்று, வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் வாத்தியார் ஒரே பிறந்த தேதியைப் போட்டுவிட்டார். பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஊரில் ஆள் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் கிளார்க் அதையும் பக்கத்தில் அடித்து வைத்திருந்தார். ஒரு சிக்கலும் வந்ததில்லை.

போன வருடம் சர்வரைப் புது வெர்ஷனுக்கு மாற்றினார்கள். பழசு அடிக்கடி நின்றுபோகிறது என்றார்கள். அது உண்மைதான். வெளியூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தார்.

திங்கட்கிழமை காலையில் கிளார்க் எங்கள் இருவரையும் கேட்டில் நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டரில் எங்கள் பெயரில் ஒரே ஆள்தான் இருக்கிறான் என்றார்.

இன்னும் ஊருக்குக் கிளம்பாமல் இருந்த இன்ஜினியரைக் கேட்டோம். புது வெர்ஷனில் பட்டப்பெயருக்கு இடம் இல்லையாம். பெயர், அப்பா பெயர், ஊர், தேதி எல்லாம் ஒன்றாக இருந்ததால், ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒன்றை எடுத்துவிட்டாராம். பழைய காப்பி இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துத் திருத்த வேண்டுமானால் கேட்டில் ஆள் விடுவதை அரை நாள் நிறுத்த வேண்டும். கப்பல் நிற்கிறது, முடியாது என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குக் கொதித்தது.

"மிச்சம் இருக்கிற நம்பர் யாருக்குன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க. இன்னொருத்தர் புதுசா சேர்ந்துக்கலாம்."

புதுசு என்றால் கடைசி நம்பர். இத்தனை வருடம் கம்பி தூக்கியவன் எல்லோருக்கும் பின்னால் போய் நிற்க வேண்டும்.

நான் கத்தவில்லை. கத்தினால் கேட் பாஸைப் பிடுங்குவார்கள். மேனேஜரிடம் போனேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தானே பிரச்சினை என்றார்.

திரும்பி வந்தேன். என் பெயர்க்காரன் பாஸுக்குப் படம் எடுக்கும் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தான். புது ஆளாக. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏலே, எந்திரி," என்றேன்.

"படம் எடுத்தாச்சு. உனக்கு முட்டு வலி. கடைசில கெடந்தா உன்னைய எவன் கூப்பிடுவான்?"

"என் முட்டப் பத்தி நீ எதுக்குல பேசுத?"

"நீ நொண்டுதத ஹார்பரே பாக்கு. நான் மட்டும் கண்ண மூடிக்கிடணுமோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபீஸ்மேல் இருந்த கோபம் அப்படியே அவன்மேல் திரும்பியது. எனக்கு விட்டுக்கொடுக்க இவன் யார்? அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னையும் புதுசாகவே சேர் என்று கிளார்க்கிடம் சொன்னேன்.

"பழைய நம்பர் சும்மா கெடக்குமே, அண்ணாச்சி."

"கெடக்கட்டும்."

இந்தத் தடவை ஆதார் நம்பரையும் வாங்கி ஏற்றினார். இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் இரண்டு ஆளாகவே வந்தோம். இதை ஞாயிற்றுக்கிழமையே கேட்டிருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். மனைவி சோற்றை வைத்துவிட்டு, "ஆபீஸ்காரன் ஒரு வீட்டுச் சோத்தத்தான் பறிச்சான். நீங்க ரெண்டாக்கிட்டிய," என்றாள்.

இப்போதும் கப்பல் வந்தால் அந்தப் பழைய நம்பரை மைக்கில் கூப்பிடுகிறார்கள். யாரும் எழுந்திருப்பதில்லை. கிளார்க் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகிறார். அதை எடுக்க இன்ஜினியர் திரும்ப வர வேண்டுமாம்.

பல நாள் எங்கள் இருவருக்கும் வேலை இல்லாமல் போகிறது. அவன் பைக்கில்தான் வீட்டுக்கு வருகிறேன். வழியில் நான் அவனிடம் பேசுவதில்லை.