ஈயம் பூசிய தகடு

திண்டிவனத்தில் நான் வெல்டிங் பட்டறை போட்ட புதிது. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கருவாடு விற்கும் சரோஜாக்கா வந்தார். பாண்டிச்சேரி ஹோட்டல் ஒன்று அவரிடம் புகை போட்ட மீன் கேட்டிருந்தது. முதல் சரக்கு பிடித்துவிட்டால் வாரா வாரம் ஆர்டர். அதற்காக பீரோ உயரத்தில் ஒரு புகைக்கூண்டு வேண்டும். கீழே அடுப்பு, மேலே மீன் தொங்கவிட எவர்சில்வர் கம்பி.

"உள்ளாற இன்னா தகடு தம்பி போடுவ? வெறும் இரும்புன்னா துருப்புடிச்சிக்கினு மீன்ல ஒட்டும்."

"ஜி.ஐ. ஷீட்டு போட்டுடலாம்க்கா. ஈயம் பூசினது, துருவே புடிக்காது."

"ஈயமா? அப்ப சரி. எங்க ஊட்டு பித்தளை குண்டானுக்கும் ஈயந்தான் பூசறோம். அதுலதான் ரசமே வைக்கிறேன்."

நானும் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். வெள்ளையாக மினுங்கினால் ஈயம்; அவ்வளவுதான் என் படிப்பு.

காலையிலிருந்து மதியம் வரை வெல்டிங் அடித்தேன். தகட்டிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை கிளம்பியது. அக்கா டெம்போவில் கூண்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் எனக்கு ஒரே குளிர், நடுக்கம். வாயில் தகரத்தை நக்கினாற்போல் ஒரு ருசி. என் மனைவி பயந்துபோய்ப் பக்கத்து லேத் பட்டறை பாயைக் கூட்டிவந்தாள். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஜி.ஐ. அடிச்சியா? பூச்சைத் தேய்ச்சி எடுக்காம அடிச்சா இப்படித்தான். அது ஈயம் இல்லப்பா, துத்தநாகம்."

"பாய், அதுக்குள்ளதான் நாளைக்கு மீனுக்குப் புகை போடப் போறாங்க."

அவர் சிரிப்பு நின்றது. "அடுப்பாண்ட இருக்கிற தகடு நல்லா காஞ்சா அந்தப் பூச்சு புகையோட கெளம்பி மீன்மேல குந்தும். உப்புத்தண்ணி பட்டாலும் அரிக்கும். ஜல்தி போய் நிறுத்து."

காலையில் முதல் பஸ். நான் போனபோது அக்கா உப்பில் ஊறிய மீனை ஒவ்வொன்றாகக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சாயங்காலம் ஹோட்டல் வண்டி வந்துடும். இப்ப வந்து சொல்றியே, இத்தினி மீனை நான் எங்க தம்பி போடுவேன்?"

சுற்றிப் பார்த்தேன். கொல்லையில் அவர் கணவர் ஆசையாகக் கட்டிய புதுக் குளியலறை நின்றது. பூசாத செங்கல் சுவர், மேலே ஓடு. பெயின்ட் இல்லை, பூச்சு எதுவும் இல்லை. இன்னும் தண்ணீரே படாததால் நன்றாகக் காய்ந்தும் இருந்தது.

"அக்கா, இதைவிட நல்ல எடம் கெடைக்காது."

"அவரு எங்க குளிப்பாரு?"

"கடல் எதிர்லதானே இருக்கு."

அக்கா சிரித்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. கூண்டிலிருந்து கம்பிகளைக் கழற்றி அங்கே மாட்டினோம். கீழே அடுப்பை மூட்டி, புகை வெளியே போகாமலிருக்க வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். சாயங்காலம் மீன் தேன் நிறத்தில் வண்டி ஏறியது.

துத்தநாகம் எனக்குத் தெரியாததில் பெரிய தப்பில்லை. தெரியாத பூச்சுக்குத் தெரிந்த பேரை வைத்தேனே, அதுதான் தப்பு. அக்கா என் தகட்டை நம்பவில்லை, ஈயம் என்ற சொல்லை நம்பினார். இப்போதெல்லாம் தெரியாவிட்டால், "கேட்டுச் சொல்றேங்க" என்றுவிடுவேன்.

ஹோட்டல் ஆர்டர் நிலைத்துவிட்டது. கூண்டைப் பிரித்து எவர்சில்வர் தகடு போட்டுத் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன், அக்கா கேட்கவில்லை. அந்தக் குளியலறையில் இன்றுவரை யாரும் குளித்ததில்லை.