ஏழு மைல் என்று எழுதியவர்

சங்கிலி பிடித்து ரோடு அளப்பதில் சத்தியநாதனுக்கு ஈடாக வேலூரில் ஆள் கிடையாது. பத்துச் சங்கிலிக்கு ஒரு முடிச்சு என்று கயிற்றில் போட்டுக்கொண்டே போவார். எட்டு முடிச்சு ஒரு மைல். அவர் கணக்கில் ஒரு முழம்கூடப் பிசகாது.

1931-ல் வேலூருக்கு வெளியே ஒன்றும் கணியம்பாடிக்குத் தெற்கே ஒன்றுமாக இரண்டு ஏரோப்ளேன் மைதானம் போட்டார்கள். நடுவில் மலை. ஆகாயத்தில் ஏழு மைல். மலையைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதையில் பதினொன்று. ஓவர்சியர் சுப்பராயனாவது, வெயிலில் நடப்பதாவது! பங்களாவில் உட்கார்ந்தபடியே மேப்பின்மேல் அடிக்கோலை வைத்து, ரோடும் ஏழு மைல்தான் என்று எழுதி அனுப்பிவிட்டார். இன்ஜினீயர் நேரில் கேட்டபோது சத்தியநாதன் பதினொன்று என்றார்.

"குடிச்சிட்டு முடிச்சு போட்டிருக்கான் சார்" என்றார் ஓவர்சியர். அன்றோடு வேலை போயிற்று.

வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாராயத்தை மோந்தும் பார்க்காத மனுஷனுக்குக் குடிகாரப் பட்டம் கிடைத்தது. அது வேதக்கோயில்வரை போய், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று போதகர் நிறுத்திவிட்டார். சபையே எழுந்து முன்னால் போகும். இவர் மட்டும் பாயில் உட்கார்ந்திருப்பார். இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்து வயிறெரிந்தார். எரியாமல் என்ன செய்யும்?

லாங் பஜாரில் ஜட்கா ஓட்டிப் பிழைத்தார். ஒருநாள் காலை எட்டரை மணிக்கு, வெள்ளைத் துணி மூட்டையோடு அதில் வந்து ஏறியவர் அதே ஓவர்சியர். பத்து மணிக்கு இன்ஜினீயர் ஏரோப்ளேனில் கணியம்பாடி மைதானத்துக்கு வருகிறார். அதற்குள் அங்கே துணியை விரித்துப் புகை போட்டால்தான் இறங்க இடம் தெரியும். ஓவர்சியரோ அந்த மைதானத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"இன்னாடா, இன்னிக்காவது குடிக்காம ஓட்டுவியா? ஏழு மைல்தானே, மெதுவா போ."

உண்மையைச் சொல்லலாமென்று வாயெடுத்த சத்தியநாதன் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மூடிக்கொண்டார். நானாயிருந்தாலும் மூடிக்கொண்டிருப்பேன்.

வேலூர் மைதானத்திலிருந்து சரியாக ஏழாவது மைலில் வண்டி நின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கம்பங்கொல்லை.

"ஐயா எழுதின ஏழு மைல் இதோட தீந்துச்சி. எறங்குங்க."

"மைதானம் எங்கடா?"

"இன்னும் நாலு மைல் போவணும். அன்னிக்கே சொன்னேன், குடிகாரன்னீங்க."

ஓவர்சியருக்கு முகம் வெளிறிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டுப்பா, உன் வேலைய நானே திருப்பி வாங்கித் தர்றேன்."

சத்தியநாதன் நிதானமாகக் குதிரையை அவிழ்த்துப் புல் போட்டார். வேலை வேண்டும்தான், வீட்டில் நான்கு வயிறு. ஆனால் அந்த மூஞ்சி வெளிறியதைப் பார்த்த சந்தோஷத்துக்கு எந்த வேலை ஈடாகும்? சற்று நேரத்தில் தலைக்குமேல் ஏரோப்ளேன் இரைந்தது. மலைக்கு அப்பால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

விசாரணை வந்தது. ரோட்டை மறுபடி அளந்தார்கள், பதினோரு மைல். ஓவர்சியரைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றினார்கள். விஷயம் தெரிந்து போதகரே ஜட்கா நிற்கிற இடத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு வந்துடுப்பா. அதுக்கு முன்னாடி அந்த ஓவர்சியரை மனசார மன்னிச்சிடு."

சத்தியநாதன் ஜட்காவில் ஏறி உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்தார்.

"அப்போ அடுத்த வருஷம் பார்க்கலாங்கய்யா" என்றார்.