கழுத்துக்கு ஷிப்ட் விடவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மல்லிகா கம்ப்யூட்டரில் ஒரு ஆளைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். சிறுவயதில் பஜார் கடையில் அவள் ஆடித் தீர்த்த பழைய கேமில் ஓடுகிற ஆள்தான். வாரம் முழுக்க எங்கள் தங்கச்சுரங்க ஊர் சாம்பியன் ரீப்ஸில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவளுக்கு லீவு நாளில் இப்படியொரு வேலை. எட்டிப் பார்த்தேன். தோலுக்கு உள்ளே ரத்தமுமில்லை, குடலுமில்லை; முக்கோணம் முக்கோணமாகக் கோடுகள், நடுவில் குச்சி குச்சியாக எலும்பு.

எனக்குப் படிப்பு கையெழுத்தோடு சரி. ஆனாலும் அவள் செய்தது புரிந்தது. எந்த எண் உடம்பில் எதை அசைக்கும் என்று கேமைச் செய்தவர்கள் சொல்லி வைக்கவில்லையாம். இவள் ஒரு எண்ணை மாற்றுவாள், முழங்கை முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் அது முழங்கை. புது வீட்டு சுவிட்சுகளை நாமும் அப்படித்தானே தெரிந்துகொள்கிறோம்?

"உடம்பு வேற, நடை வேறம்மா. நடைய தனியா வச்சிக்கிறாங்க, மாத்தலாம்" என்றாள். என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்பா எப்டிம்மா நடப்பாரு?"

அவளுக்கு விவரம் தெரிவதற்குள் அவர் நெஞ்சு நோயில் போய்விட்டார். இருப்பது ஒரே போட்டோ, அதிலும் உட்கார்ந்திருக்கிறார். நீ பார்த்ததில்லையா என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? எப்பவும் அவரு தோள் மேலதான இருந்தேன்."

அவர் நடை என்னிடம் மட்டும்தான் மிச்சம், நான் போனால் அதுவும் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நாளில் மைன் சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் தொழிலாளிகளின் லைன் வீடுகளின் முனையில் பெண்கள் போய் நிற்போம். மைனிலிருந்து வருகிற எல்லாருக்கும் ஒரே ஹெல்மெட், உடம்பெல்லாம் ஒரே ஈரமண் வாசனை. முகம் தெரியாத தூரத்திலேயே நடையை வைத்து அவரவர் ஆளைச் சொல்லிவிட்டு, குளிக்கிற வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்க வீட்டுக்கு ஓட வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கர்வம். இன்றைக்கும் உண்டு.

அவர் குனிந்தே வருவார். பக்கத்து வீட்டு முனியம்மா, "இன்னாக்கா, உன் ஆளு காசு தேடிக்கினே வராரு" என்பாள். மைனுக்குள்ளேதான் கூரை தலையில் இடிக்கும், இங்கே மேலே வானந்தானே, நிமிர்ந்து நடங்களேன் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"கழுத்துக்கு இன்னும் ஷிப்ட் வுடலமே" என்றார்.

கூடத்தில் நானே குனிந்து நடந்து காட்டினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு. மல்லிகா சிரிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாக மாற்றினாள். மத்தியானத்துக்குள் அந்த ஆள் அவராக நடந்தார். இவரேதான் என்றேன்.

அவள் மட்டும் இல்லையென்று தலையாட்டினாள். "நான் மேல இருக்கச்சொல்ல இப்டி குனிஞ்சிருந்தா முன்னாடி வுழுந்திருப்பேனே. அவரு முடிய புடிச்சிக்கினு நேராத்தான் குந்தியிருந்தேன்."

என்னோடு வந்து முனையில் நின்றுகொள்ளும் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் அவர் நிமிர்ந்து வந்திருக்கிறார். ஆளைக் கண்டதுமே நான்தான் வெந்நீருக்குத் திரும்பிவிடுவேனே. அந்த நடையை நான் பார்த்ததே இல்லை.

மல்லிகா கழுத்தின் எண்ணை மாற்றினாள்.

மைனை மூடிச் சங்கு நின்று வெகுகாலமாகிறது. முனியம்மா இல்லை. லைன் முனையில் யாரும் நிற்பதில்லை. விடியலில் ரயிலுக்கு ஓடுகிறவர்களில் யார் நடையும் யாருக்கும் தெரியாது. திரையில் அவர் தலைநிமிர்ந்து நடந்துகொண்டே இருந்தார், நின்ற இடத்திலேயே. இறக்கி வைக்க வெந்நீர் ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.