வெளியூர்ப் பேணி

"நீங்க எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் சுர்ரென்று ஏறும். அந்தப் புத்தளம் மாவட்டக் கலைவிழாவுக்குப் பிறகு வந்த வியாதி இது.

ஊர் ஊராகப் பிரிந்து வாசிக்கிற எங்களைக் குலுக்கல் போட்டுக் கலந்து, புதுக் குழுக்களாக மேடையேற்றுவது நல்ல யோசனைதான். கல்யாண வீடுகளில் தபேலா வாசிக்கிற நானும் பெயர் கொடுத்தேன். மேசையில் பால்மா அடைத்து வந்த ஐந்து தகரப் பேணிகள் இருந்தன. நான்கில் கற்பிட்டி, புத்தளம், மதுரங்குளி, சிலாபம் என்று ஒட்டியிருந்தார்கள். பேணிக்கு ஒரு பெயர்த் துண்டு எடுத்தால் ஒரு குழு. ஐந்தாவதில் 'வெளியூர்' என்றிருந்தது. அமைப்பாளர் என் பெயர்த் துண்டை அதற்குள் போட்டார்.

"இல்ல நானா, நான் புத்தளம். இங்கதான் பிறந்த, இங்கதான் படிச்ச."

"அது சரி தம்பி. உம்மா வாப்பா மன்னார்தானே? கோவிக்க வாணாம்."

எப்படிக் கோபிக்காமல் இருப்பது? அவர்கள் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து, உடுத்த உடுப்போடு புலிகளால் விரட்டப்பட்டு இங்கே வந்தவர்கள். நான் அதற்குப் பிறகு பிறந்தவன். என் வாக்கு இங்கே, என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, வாப்பாவை அடக்கிய மையவாடியும் இங்கே. அந்தப் பேணிக்குள் என்னோடு கிடந்த இன்னொருவர், போன மாதம்தான் பதுளையிலிருந்து இடமாற்றம் பெற்று வந்த வங்கி உத்தியோகத்தர். அவரும் நானும் ஒன்றாம்!

குழு என்னவோ நல்லதாகத்தான் அமைந்தது. கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழி மீனவர் ஒருவர் கித்தார், சிலாபத்து ஆசிரியை பாட்டு, மற்ற இருவர் கீபோட்டும் புல்லாங்குழலும். முதல் ஒத்திகையிலேயே கண்டக்குழிக்காரர் அக்கறையோடு விசாரித்தார்.

"வெளியூரெண்டா எங்க, கண்டியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு தபேலாவுக்குச் சுருதி சேர்த்தேன்.

விழாவன்று அறிவிப்பாளர், அமைப்பாளர் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவரையும் ஊர் சொல்லி அழைத்தார். என் முறை வந்தது. "தபேலா, மன்னார்!" என்றார். சனம் கைதட்டியது. நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

"மன்னார் இல்ல. நான் புத்தளம்."

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. அன்றைக்கு நான் வாசித்ததுபோல் என்றைக்கும் வாசித்ததில்லை. வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

முன்வரிசையில் இருந்து பார்த்த உம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு திரும்பினேன். பாதி வழியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"எங்கட ஊர்ப் பேர மைக்கில சொல்லி ஆக்கள் கைதட்டினத, இங்க வந்ததுக்குப் பிறகு இண்டைக்குத்தான் மகன் கேட்டன். அத ஏன் இல்லையெண்டு சொன்னீங்க?"

பிறந்த ஊரைக் கேட்டு வாங்கப் போய், உம்மாவின் ஊரைச் சபையில் மறுத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டும் எனக்குச் சொந்தம். ஒன்றைச் சொல்ல மற்றதை மறுக்கும்படி என்னைக் கொண்டுபோய் நிறுத்திய அந்த அமைப்பாளரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.