பாங்காக் போவதற்காகப் போட்ட கையெழுத்து

வெளிநாட்டுப் பயணம் என்று என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரகடத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் அப்போது நான் லைன் லீடர். டார்கெட் முடித்த லீடர்கள் பத்துப் பேரை நான்கு நாள் பாங்காக் கூட்டிப் போகிறோம் என்று அறிவித்தார்கள். என் அறை நண்பன் அதே லைனில் ஆபரேட்டர், சாத்தூர்ப் பக்கத்துக்காரன். சங்கம் ஆரம்பிக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். "மாப்ள, சும்மா கூட்டிட்டுப் போவானுகளா? என்னமோ இருக்கு" என்றான். பொறாமையில் பேசுகிறான் என்று நினைத்தேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் எச்.ஆர். ஆபீசில் விசாவுக்கென்று ஒரு கட்டுக் காகிதம் நீட்டினார்கள். எங்கள் கம்பெனியில் எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் டிக் அடித்திருப்பார்கள். ஷூ வாங்கியதற்கு, ஓ.டி. சம்மதத்துக்கு, எல்லாவற்றுக்கும் டிக்கைப் பார்த்துப் போட்டே பழகிவிட்டோம்.

"இன்னாண்ணா பாத்துகினு கீற? பின்னால ஒம்போது பேர் நிக்கிறாங்க. டிக் இருக்குற எடத்துல போட்டுகினே போ" என்றான் கிளார்க். போட்டுக்கொண்டே போனேன்.

பாங்காக்கில் இறங்கிய மறுநாளே ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. ஊர் சுற்றல் ரத்து. ஹோட்டலை விட்டு எங்கும் போக வேண்டாம் என்றார் கைடு. மற்றவர்கள் சீட்டு ஆடினார்கள். எங்கோ ஒரு நாட்டில் நடந்த புரட்சியைப் பற்றிய தடித்த நாவல் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். ஏசி அறையில் படுத்துக்கொண்டு அதில் வருகிற துரோகிகளைப் பல்லைக் கடித்துத் திட்டியபடி படித்தேன். வெட்கங்கெட்ட படிப்பு.

மூன்றாம் நாள் பகலில் தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே வந்தேன். ரயில் மேம்பாலத்துக்குக் கீழே ஐந்தாறு இளைஞர்கள் தள்ளித் தள்ளி நின்று, ஆளுக்கொரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை; ராணுவத்துக்கு எதிர்ப்பே அந்தப் படிப்புதான். சிப்பாய்கள் வந்து ஒரு பெண்ணின் முழங்கையைப் பிடித்தார்கள். அவள் படித்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு அவர்களோடு நடந்தாள்.

அறைக்கு ஓடிவந்து நண்பனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, இங்க நின்னு புத்தகம் படிச்சாலே புடிச்சிட்டுப் போறானுகடா!"

"சரி, பத்திரமா வந்து சேரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

திரும்பி வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து அறைக்குப் போனால், பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கவரை நீட்டினான். சஸ்பெண்ட் ஆர்டர். நான் போன் செய்த அன்று காலையில்தான் கொடுத்திருக்கிறார்கள். கேன்டீன் வாசலில் சூப்பர்வைசரை வெட்டுவேன் என்று மிரட்டினானாம். நேரில் பார்த்த சாட்சியின் வாக்குமூலம் கூடவே இருந்தது. அடியில் என் கையெழுத்து.

"விசா பேப்பர்னு நெனச்சு டிக் பாத்துப் போட்டேன்டா. சத்தியமா படிக்கலடா."

அவன் சிரித்தான். "வடை மடிச்ச பேப்பரக்கூட எண்ணெயத் தொடச்சிட்டுப் படிக்கிறவன் நீ. நீ படிக்காமப் போட்டியா? வேற எவன்கிட்டயாவது போய்ச் சொல்லு மாப்ள."

விசாரணையில் எழுந்து நின்று, அது பொய் என்று சொல்லியிருக்கலாம். "அப்படிச் சொன்னா பொய் சாட்சி சொன்னதுக்கு ஒன் வேலையும் போயிடும்" என்று எச்.ஆரில் சொல்லி அனுப்பினார்கள். விசாரணை நடந்த அன்று நான் லைனில் நின்றேன். அவனை டிஸ்மிஸ் செய்தார்கள். ஊருக்குப் போனவன் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

அவன் சொன்னதுதான் சரி. அந்தக் கட்டு முழுக்க இங்கிலீஷ், நடுவில் ஒரே ஒரு தாள் தமிழ். எந்த நாட்டு விசாவுக்கு ஐயா தமிழில் எழுதிக் கேட்பார்கள்? முதல் வரியில் அவன் பெயரும் டோக்கன் நம்பரும் இருந்தன. படித்தேன். அடுத்த வரிக்குப் போகாமல் நேராக டிக் இருந்த இடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.